லைன் எனக்க கையில

கடியப்பட்டணத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மீன்பிடித் தடை முடிந்த கையோடு வள்ளங்கள் எல்லாம் கடலுக்குப் போகத் தயாராக நின்றன. ஐஸ் கம்பெனி வாசலில் டெம்போக்கள் வரிசை பிடித்திருந்தன. டிரைவர்கள் ஹாரனை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போய் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் சைபுதீன். கோட்டாறில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். புதுசுகளை ரிப்பேர் பண்ண நாகர்கோவிலில் தெருவுக்குத் தெரு பயல்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் ஓடும் பழைய யூனிக்ஸ் பெட்டிகள். எது யாருக்குச் சொந்தம், யார் எங்கே உட்கார்ந்து எதைத் தட்டுகிறார்கள் என்று கேட்டால் கேட்டபடி சொல்லும். மனிதர்களைப் போல மழுப்பாது. அன்றைக்கும் அது மழுப்பவில்லை. நம்பாமல் இருந்தது நான்தான்.

ஐஸ் கம்பெனி முதலாளி யேசுரத்தினம் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆள் நல்ல வாட்டசாட்டம்.

"வாரும், சைபுதீன். சாயா குடிச்சியளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறினார்.

உள்ளே கால் வைத்ததும் அமோனியா வாடை மூக்கைப் பிடித்து உலுக்கியது. சன்னலே இல்லாத கட்டடம். வெளியே மழை பெய்வதை ஓடுகளில் விழும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசி மூலையில், தரைக்குள் இறங்கிய ஒரு குழியில், ஐஸ் பாளங்களை நொறுக்கும் கிரஷர். இரண்டு இரும்பு உருளைகள், உருளை முழுக்கப் பல். மேலேயிருந்து சறுக்கி வரும் பாளத்தை அது கடித்து நொறுக்கி, அந்தப் பக்கம் டெம்போவின் பெட்டியில் துப்பும்.

வளைகுடாவில் மூடிப்போன ஒரு குளிர்கிடங்கின் சாமான்களை அப்படியே கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து கட்டிய கம்பெனி இது. கூடவே அந்த யூனிக்ஸ் பெட்டியும் வந்தது. மாடியில் முதலாளி அறையில் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு சீரியல் லைன், அதாவது எழுத்தெழுத்தாக ஆணை போகும் ஒரு கம்பி, கீழே கிரஷருக்கு இறங்குகிறது. அந்த லைனில் 'ஓடு' என்று எழுதினால் உருளை சுற்றும். 'நில்' என்று எழுதினால் நிற்கும். எழுதுவதற்குத் திரையும் விசைப்பலகையுமாக மூன்று டெர்மினல்கள் உண்டு. ஒன்று முதலாளி மேசையில், ஒன்று டெம்போ வாசலில், ஒன்று கிரஷர் குழியின் ஓரத்தில்.

"லைன எல்லாருக்கும் தொறந்து விடணும்," என்றார் முதலாளி. "யாரு எங்கேருந்து அமுக்கினாலும் கிரஷர் ஓடணும். முந்தி அப்படித்தான் வச்சிருந்தேன். இப்பம் தானா பூட்டிக்கிடுது."

அவர் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதிரிப் பெட்டியில் சீரியல் லைன் கண்டவனுக்கும் கிடைக்காது. குழியோர டெர்மினலில் தன் பெயரைப் போட்டு உட்காருகிறவருக்கு மட்டும் லைன் சொந்தமாகும். அவர் எழுந்து போகும்வரை வேறு யார் எழுதினாலும் 'அனுமதி இல்லை' என்று வரும். காரணம் இல்லாமல் யாரும் அப்படி அமைக்க மாட்டார்கள். ஆனால் கூலிக்கு வந்தவன் வீட்டுக்காரரிடம் கதவு எதற்கு என்று கேட்க முடியுமா? உட்கார்ந்தேன்.

லைன் இப்போது யாருக்குச் சொந்தம் என்று பெட்டியைக் கேட்டேன். பிரிஜா என்றது.

"பிரிஜா யாரு?"

"இங்க வேல பாத்த பிள்ள. இப்பம் இல்ல." முதலாளி சன்னலில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பேர எடுத்தாச்சா?"

"அப்பமே எடுத்தாச்சு."

எடுத்துத்தான் இருந்தது. ஆட்களின் பட்டியலில் பிரிஜா இல்லை. அப்படியானால் சொந்தக்காரர் இடத்தில் ஒரு வெற்று எண்தான் தெரிய வேண்டும். பெயர் தெரியக் கூடாது. யாரோ அரைகுறை கை வைத்திருக்கிறான் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டு, ரூட்டாக நுழைந்தேன். ரூட் என்றால் அந்தப் பெட்டிக்கு ராஜா. அதற்கு எதையும் மறுக்க முடியாது. லைனைப் பிரிஜாவிடமிருந்து பிடுங்கி எல்லாருக்கும் திறந்து விட்டேன்.

வாசல் டெர்மினலில் யாரோ தட்ட, கீழே கிரஷர் முழங்கியது. வாசலில் டெம்போக்காரர்கள் சந்தோஷமாகக் கூச்சல் போட்டார்கள். முதலாளி என் தோளில் தட்டினார்.

தட்டிய கை எடுக்கும் முன் கிரஷர் நின்றது.

லைன் பிரிஜாவுக்குச் சொந்தம்.

மறுபடி பிடுங்கினேன். மறுபடி போனது. இந்தத் தடவை என் கண் முன்னாலேயே அந்தப் பெயர் திரும்பி வந்து உட்கார்ந்தது. இப்போது பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மேசையில் நான். குழியோர டெர்மினலில் பிரிஜா. எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறாள் என்ற இடத்தில் பூஜ்யம்.

இந்த நிமிஷம் யாரோ விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எவளோ ஒருத்தி கீழே உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. தடதடவென்று படியிறங்கிப் போனேன்.

குழியோரத்தில் யாரும் இல்லை.

ஸ்டூல் காலி. திரையில் பச்சைக் கட்டம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. விசைப்பலகையில் கை வைத்தேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. விசைகளுக்கு நடுவில் ஐஸ் பொடி. ஐஸ் கம்பெனியில் ஐஸ் இருப்பது அதிசயமில்லை. ஆனால் இந்தப் பொடி இளஞ்சிவப்பாக இருந்தது. தலைக்கு மேல் எரிந்த டியூப் லைட்டின் கீழே அது கரையாமல் கிடந்தது.

"அண்ணே, அதத் தொடாதீங்க."

திரும்பினேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கட்டிய துண்டு. பாளம் தள்ளுகிற பெண். பெயர் ஜாஸ்பின் என்றாள். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டூலைப் பார்த்தது.

"அது அவளுக்கதாக்கும்," என்றாள்.

"பிரிஜாவா? அவ வேலைய விட்டுப் போயிட்டால்லா?"

"அப்படியா சொன்னாரு?" ஜாஸ்பின் குரலைத் தாழ்த்தினாள். "அவ எங்கயும் போகல்ல அண்ணே. இந்தக் குழியிலதான் செத்தா."

மழை ஓடுகளில் உரத்துப் பெய்தது. அவள் என் பக்கம் இன்னும் நெருங்கி நின்று சொன்னாள். பாளங்களை மூடி வரும் சாக்குத் துணி அடிக்கடி கிரஷரில் மாட்டும். அதை எடுக்க ஒருத்தர் குழியில் இறங்கி உருளைப் பல்லுக்கு நடுவில் கை விட வேண்டும்.

"மெயின் சுவிட்ச அணைச்சிட்டு எறங்கலாமே?"

"அதுல கம்ப்ரசரும் சேந்தாக்கும் கெடக்கு. அணைச்சா ஐஸ் போவும். இவரு அணைக்க விட மாட்டாரு. அதுக்குத்தான் லைனக் கையில எடுக்கது. எறங்குகவ இதுல பேரப் போட்டுட்டு, 'லைன் எனக்க கையில'ன்னு ஒறக்கச் சொல்லணும். பக்கத்துல நிக்கவ 'உனக்க கையில'ன்னு திருப்பிச் சொல்லணும். அது கேட்ட பெறவுதான் கால உள்ள வைப்போம்."

"அன்னைக்கு அவ சொல்லல்லியா?"

"சொன்னா. நானாக்கும் திருப்பிச் சொன்னேன்." ஜாஸ்பின் மாடிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம இவரு லைன எல்லாருக்கும் தொறந்து வச்சிருக்காரு. பேரு போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான். எங்களுக்கு அது தெரியாது. வண்டி நிக்குதுன்னு மேலேருந்து அமுக்கிட்டாரு."

நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"போலீசுல என்ன சொன்னாரு தெரியுமா? பிள்ள லைன எடுக்காம எறங்கிட்டா, அவளுக்க கவனக்கொறவுன்னு. அவளுக்க அம்மைகிட்டயும் அதத்தான் சொன்னாரு. அந்த அம்மை இன்னைக்கும் செத்த மகளப் போட்டு ஏசுகா. நான் உள்ளதச் சொன்னேன். மழச் சத்தத்துல ஒனக்கு என்ன எழவு கேட்டிருக்கும்னு கேட்டாரு."

"இப்பம் குழியில யாரு எறங்குகது?"

"நானாக்கும்," என்றாள் ஜாஸ்பின்.

அப்போதுதான் என் கையில் இருந்த வேலை என்னவென்று எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை உள்ளே நிற்கும்போது வாசலில் எவனோ ஒருவன் பொழுது போகாமல் விசையைத் தட்டினாலும் போதும். அப்படி ஒரு வழியைத்தான் நான் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம். யேசுரத்தினம் இறங்கி வந்தார்.

"என்ன சைபுதீன், தொறந்தாச்சா? சாக்கு மாட்டிக் கெடக்கு. ஏட்டி ஜாஸ்பின், எறங்கு."

ஜாஸ்பின் அசையவில்லை.

"தொறக்க மாட்டேன்," என்றேன் நான். "கூலி வேண்டாம், பஸ்சுக்கு வேண்டியது என்கிட்ட இருக்கு. பிரிஜாவுக்கு என்ன ஆச்சுன்னு என்கிட்ட நீங்க சொல்லல்லியே?"

அவர் முகம் கறுத்தது. ஜாஸ்பினை ஒரு பார்வை பார்த்தார். "இவ சொல்லிக்குடுத்தாளாக்கும். செத்தவளுக்க பேரப் போட்டு வெளயாடுகதும் இவதான். எனக்குத் தெரியும்." வாசலில் மறுபடி ஹாரன்கள் கிளம்பின. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், குழியைப் பார்த்தார். "ஒருத்தியும் எறங்க மாட்டிய, அப்படித்தானே? சரி. நானே எறங்குகேன். ரூட்டு ஒம்ம கையிலல்லா இருக்கு? லைன நீரு பிடிச்சு வச்சுக்கிடும். ஒரு பயலும் தொடக் கூடாது, கேட்டியளா?"

மற்றவர்கள் இறங்கும்போது ஊருக்கெல்லாம் திறந்து கிடக்க வேண்டிய லைன், தான் இறங்கும்போது மட்டும் பூட்டியிருக்க வேண்டும். அவருக்கு அது வெட்கமாகப் படவில்லை.

"எறங்காதீங்க," என்றேன். மனசார நினைத்துத்தான் சொன்னேன். "மெயின அணைச்சிட்டு எறங்குங்க."

"ஐஸ் உருகினா நீரா தருவீரு?"

வேட்டியை மடித்துக் கட்டினார். கொக்கிக் கம்பியை எடுத்தார். நான் குழியோர ஸ்டூலில் உட்காராமல், நின்றபடியே ரூட்டாக நுழைந்து லைனைக் கையில் எடுத்தேன். லைன் ரூட்டுக்குச் சொந்தம் என்றது பெட்டி. இதற்கு மேல் பூட்டு அந்த எந்திரத்தில் கிடையாது.

அவர் எதையும் உரக்கச் சொல்லவில்லை. நேராக இறங்கி உருளையின் மேல் காலை வைத்தார்.

குளிர் கூடியது. மூச்சு விட்டால் புகை வந்தது. அமோனியா வாடை போய், வேறு ஒரு வாடை வந்தது. மீன் சந்தையில் கழுவாத பலகையில் வரும் வாடை.

மழை சட்டென்று நின்றது.

"லைன் எனக்க கையில."

பெண் குரல். உரக்க இல்லை. என் காதுக்குப் பக்கத்தில், ஸ்டூல் இருந்த உயரத்திலிருந்து வந்தது.

நான் ஜாஸ்பினைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வாய். அது தானாகவே திறந்தது.

"உனக்க கையில," என்றாள் ஜாஸ்பின்.

திரையில் ரூட் போய்விட்டது.

பிரிஜா.

"வெளிய வாங்க!" என்று கத்தினேன். 'நில்' என்று எழுதினேன். அனுமதி இல்லை. திரும்ப எழுதினேன். அனுமதி இல்லை. ரூட்டுக்கு இல்லை என்று சொல்லும் யூனிக்ஸை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உருளை கால் சுற்று சுற்றி நின்றது.

யேசுரத்தினத்தின் வேட்டி நுனி பல்லில் மாட்டியிருந்தது. அவர் இழுத்தார். வரவில்லை. அவிழ்க்கப் பார்த்தார். மடித்துக் கட்டிய முடிச்சு இறுகிப்போயிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் இன்னும் கொஞ்சம் சுற்றியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து இரண்டு கையாலும் கீழே இழுத்தேன். விளக்கெல்லாம் அணைந்தது. கம்ப்ரசர் ஒரு முனகலோடு அடங்கியது. அல்லாஹ்வே, முடிந்தது என்று சுவரில் சாய்ந்தேன்.

இருட்டில் பச்சையாக ஒரே ஒரு வெளிச்சம்.

குழியோரத் திரை அணையவில்லை.

"பிரிஜா," என்றார் யேசுரத்தினம். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். "நான் வேணும்னு செய்யல்ல பிள்ளே."

உருளை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"நான்தான் அமுக்கினேன்!" அவர் குரல் கட்டடம் முழுக்க இடித்தது. ஐஸ் விழும் திறப்பு வழியாக அது வாசலுக்கும் போயிற்று. அங்கே ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. "அவ லைன எடுத்திருந்தா. பேரு போட்டிருந்தா. நான்தான் லைன எல்லாருக்கும் தொறந்து வச்சேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல. போலீசுல பொய் சொன்னேன். அவளுக்க அம்மைகிட்ட பொய் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

உருளை அசையவில்லை. வாசலில் நின்ற டிரைவர்கள், பாளம் தள்ளுகிற பெண்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"கேட்டாச்சு மக்கா," என்றேன் நான், அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்து. "எல்லாரும் கேட்டாச்சு. உனக்க பேரு சுத்தமாயிட்டு. விட்டுரு."

ஜாஸ்பின் விடு என்று சொல்லவில்லை.

திரையில் எழுத்தெழுத்தாக விழுந்தது.

ஓடு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லப்போவதில்லை. வாசலில் முதலாவதாக நின்ற டெம்போவின் பெட்டியில் வந்து விழுந்த ஐஸ் வெள்ளையாக இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கரண்ட் இல்லாமல் கிரஷர் எப்படி ஓடியது என்று விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சுற்றிய வேகத்தின் மிச்சம் என்று ஒருவர் எழுதிக்கொண்டார். அது சுற்றிக்கொண்டே இருக்கவில்லை, நின்று கிடந்தது என்று சொன்னேன். அவர் அதை எழுதவில்லை. ஆனால் டிரைவர்கள் கேட்டதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் பிரிஜாவின் அம்மை கம்பெனி வாசலுக்கு வந்தாள். ஜாஸ்பின் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மை, மகளை ஏசிய தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அந்த அடியின் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. யேசுரத்தினத்துக்காக நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், அந்த அம்மையைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

கம்பெனி மூடிப்போயிற்று. சாமான்களை யார் யாரோ வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். நானும் மறக்கப் பார்த்தேன்.

போன வாரம் திற்பரப்புப் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் அடிக்கும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அருவிக்குக் குளிக்கப் போகும் கூட்டத்தோடு பஸ்சில் நெருக்கியடித்துப் போய் இறங்கினேன். நல்ல வெயில். காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை. முதலாளி சின்ன வயசு, சிரித்த முகம்.

"பழைய யூனிக்ஸ் பெட்டி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன் சாரே," என்றார். "ஹார்ட் டிஸ்க் புதுசு மாத்தியாச்சு. எல்லாம் புதுசா ஏத்தினது. ரோலருக்குப் போற லைன எல்லாருக்கும் தொறந்து குடுங்க. உள்ள எறங்கித் தொடைக்கிற பெண்ணுங்ககிட்ட இதச் சொல்லண்டாம். பயந்துக்கிடுவாங்க."

பெட்டியைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் டிஸ்க் புதுசு என்றாரே என்று உட்கார்ந்தேன். விசைப்பலகையில் கை வைத்தேன்.

சில்லென்று, ஈரமாக இருந்தது.

லைன் யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். பெட்டி சொன்னது. அது மழுப்பாது.

நான் எதையும் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ரோலர் பக்கத்தில், கையில் துணியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இறங்கித் துடைப்பது நீயா என்று கேட்டேன். ஆமா என்றாள், என்ன அண்ணே என்றாள்.

"எறங்கதுக்கு முன்னால, 'லைன் எனக்க கையில'ன்னு ஒறக்கச் சொல்லு மக்கா," என்றேன். "பதில் வந்தா பயப்படாத. உனக்கு ஒண்ணும் வராது."

அவள் விழித்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பிய முதலாளி, பெட்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.